பாயிண்டுக்கு அவசரமில்லை, இருக்கைக்குத்தான் அவசரம்

வாசகர் கேள்விகளுக்கு, சிராங்கூன் சாலைப் பயண முகவர் கடையில் பல்லாண்டு டிக்கெட் போட்டுக் கொடுத்த நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் திருச்சி போகிறோம். நானும் கணவரும், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். என் டிபிஎஸ் வங்கி ஆல்டிட்யூட் கிரெடிட் கார்டில் 43,000 பாயிண்ட் சேர்ந்திருக்கிறது. "கையோடு எல்லாத்தையும் கிரிஸ்ஃபிளையர் மைலா மாத்திடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார் கணவர். மாற்றிவிடட்டுமா?
வாசகி, செங்காங்

பதில்: வேண்டாம். உங்கள் கணவர் மேல் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் நீங்கள் வைத்திருக்கும் கார்டில் பாயிண்டுக்குக் காலாவதியே கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையருக்குள் போன மைலுக்கோ (டிக்கெட் எடுக்கப் பணம் போலச் செலவாகும் புள்ளிதான் மைல்) மூன்று வருடம்தான் ஆயுள். அதற்குமேல் வேண்டுமென்றால் 10,000 மைலுக்கு 12 அமெரிக்க டாலரோ 1,200 மைலோ கட்டி ஆறு மாதம் நீட்டிக்கலாம். சாகாத ஒன்றை எடுத்துச் சாகிற ஒன்றாக எதற்கு மாற்ற வேண்டும்? அதுவும் ஒருவழிப் பாதை. வங்கியிலிருந்து போனது போனதுதான், "திருப்பிப் போடுங்கள்" என்று யாரிடமும் கேட்க முடியாது.

முன்கூட்டி மாற்றினால் மைல் விலை ஏறுவதற்குள் தப்பித்துவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது நடக்காது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கைக்குக் கேட்கும் மைல் 2019, 2022, 2025 என்று வரிசையாக ஏறியிருக்கிறது. ஏறும்போது உங்கள் பாயிண்ட் வங்கியில் இருந்தாலும் ஒன்றுதான், விமானக் கணக்கில் இருந்தாலும் ஒன்றுதான். வங்கியில் இருந்தால் வேறு விமான நிறுவனத்துக்கு அனுப்பும் வழியாவது மிஞ்சும்.

இனி உங்கள் கணக்கு. டிபிஎஸ்ஸில் ஒரு பாயிண்ட் இரண்டு மைல், ஆனால் 5,000 பாயிண்ட் கட்டுகளாகத்தான் மாற்ற முடியும். எட்டுக் கட்டு போனால் 80,000 மைல். மீதி 3,000 பாயிண்ட் அங்கேயே இருக்கும், இருக்கட்டும். மாற்றத்துக்குக் கட்டணம் 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதன்மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி, ஆக 27.25. ஒரு கட்டு மாற்றினாலும் எட்டுக் கட்டு மாற்றினாலும் அதே தொகை என்பதால், மாற்றும் நாளில் ஒரே தடவையாக மாற்றுங்கள்.

80,000 மைல் பெரிய எண்ணாகத் தெரியும். நான்கு பேர் போக வர எட்டு இருக்கை, ஓர் இருக்கைக்குப் பத்தாயிரம்தான் விழுகிறது. சென்னைக்கு அது போதாது. சிக்கன வகுப்பில், மலிவான 'சேவர்' இருக்கையே கிடைத்தாலும், ஒருவழியாக மூன்று நான்கு இருக்கைக்கு மேல் தேறாது. பிள்ளைகளுக்குச் சலுகை உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே மைல்தான்.

சென்னை என்று ஏன் சொல்கிறேன் என்றால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தில் திருச்சிக்கு நேராகப் பறப்பது அதன் மலிவு விமானமான ஸ்கூட். அதில் மைலைக் கொடுத்தால் ஒரு மைலுக்கு ஒரு காசை (சென்ட்) ஒட்டித்தான் மதிப்புக் கிடைக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சென்னையோடு நின்றுவிடும், அதில்தான் மைலுக்குக் கொஞ்சம் மரியாதை. எழும்பூரிலிருந்து வைகையோ பல்லவனோ வந்தே பாரத்தோ பிடித்தால் திருச்சி. ஆனால் இரவு விமானத்தில் இறங்கிச் சென்னையில் ஓரிரவு தங்க வேண்டியிருந்தால், அந்த அறை வாடகையையும் ரயில் கட்டணத்தையும் கணக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். பல குடும்பங்களுக்கு ஸ்கூட்டில் காசு கொடுத்துப் போவதே கடைசியில் மலிவாக முடிகிறது. மைல் இருக்கிறது என்பதற்காகச் சுற்றிப் போக வேண்டியதில்லை.

எது லாபம் என்று பார்க்க ஒரு பெருக்கல் வகுத்தல் போதும். மைல் டிக்கெட்டுக்கும் விமான நிலைய வரிகளை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். ஒரு பேச்சுக்கு, போகவர டிக்கெட் 620 வெள்ளி, அதில் வரி 140, மைலில் போட்டால் 40,000 என்று வையுங்கள். 620லிருந்து 140ஐக் கழித்தால் 480. அதை 40,000 ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 1.2 காசு. ஒன்றரைக் காசுக்கு மேல் வந்தால் நான் மைலை எடுப்பேன். ஒன்றுக்கு அருகில் வந்தால் காசைக் கொடுத்துவிட்டு மைலை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வேன்.

சென்னை என்றே முடிவானால் வேலை நடக்க வேண்டிய வரிசை இது. முதலில் கிரிஸ்ஃபிளையர் கணக்கைத் திறந்து (இலவசம்தான்) மைல் டிக்கெட் பக்கத்தில் உங்கள் தேதிக்கு இருக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். பயணத்துக்கு 355 நாள் முன்பே இருக்கை திறந்துவிடும், டிசம்பர் விடுமுறைக்கு அப்போதே கை வைப்பவர்கள் நிறைய. இருந்தால், வங்கியை அழைத்து மாற்றத்துக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கேளுங்கள். சில வங்கிகளில் உடனே போய்விடும், சிலவற்றில் நாள்கணக்கு. பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். நடுவில் இருக்கை போய்விடும் அபாயம் உண்டு, மறைக்கவில்லை. அதனால் மாற்றுத் தேதி ஒன்றையும் மனத்தில் வைத்திருங்கள்.

இரண்டு பேருக்கு மைல், இரண்டு பேருக்குக் காசு என்று பிரிக்க நேர்ந்தால், பெரியவர்கள் ஒரு பதிவிலும் பிள்ளைகள் ஒரு பதிவிலும் போட்டுவிடாதீர்கள். அம்மாவும் ஒரு பிள்ளையும் ஒன்று, அப்பாவும் ஒரு பிள்ளையும் ஒன்று. விமானம் ரத்தாகி மாற்று விமானத்தில் ஏற்றும்போது கணினி பதிவு எண்ணைத்தான் பார்க்கும், குடும்பத்தைப் பார்க்காது.

கேள்வி: வங்கியிலிருந்து மைலுக்கு அனுப்பிய பாயிண்ட் "பெயர் பொருந்தவில்லை" என்று திரும்பி வந்துவிட்டது. என் அடையாள அட்டையில் 'எஸ்/ஓ' போட்டு அப்பா பெயர் இருக்கிறது. என்ன செய்வது?
வாசகர், சுவா சூ காங்

பதில்: தம்பி, இது நம் ஆட்களுக்கென்றே வந்த வியாதி. கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் விலையைவிடப் பெயருக்குத்தான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டேன். விமானப் பதிவில் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிப்பதற்கே சாய்கோட்டை வைத்திருக்கிறார்கள். ஆகவே 'எஸ்/ஓ'வில் உள்ள கோடு உள்ளே போகாது. டிக்கெட்டில் 'எஸ்ஓ' என்று அப்பா பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒருவர் எஸ்ஓவை விட்டுவிடுவார், ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவார், ஒருவர் தன் பெயரையே குடும்பப் பெயராக்கிவிடுவார். இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்த மனைவிமாருக்கு இன்னொரு தினுசு: குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும்.

வங்கிகள் பாயிண்டை அட்டைக்காரரின் சொந்த விமானக் கணக்குக்குத்தான் அனுப்பும். இரண்டு பக்கமும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். எனவே பாஸ்போர்ட்டை மேசையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்தை எழுத்தாக முதலில் கிரிஸ்ஃபிளையர் கணக்கோடு ஒப்பிடுங்கள். தப்பு அங்கே இருந்தால் பாஸ்போர்ட் நகலை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். தப்பு வங்கிப் பக்கம் இருந்தால் வங்கியில் திருத்துங்கள். வங்கிக்குப் பொருந்த வேண்டுமே என்று விமானக் கணக்கில் பாஸ்போர்ட்டுக்கு மாறான பெயரை வைத்துவிடாதீர்கள். மைல் வந்து சேரும், சாங்கியில் நீங்கள் ஏற முடியாமல் நிற்பீர்கள். திருத்தம் முடிந்தது என்று எழுத்தில் வந்த பிறகு மறுபடி அனுப்புங்கள், முதல் தடவை பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தரும்படியும் கேளுங்கள். கேட்பவருக்குத் தருகிறார்கள் என்பது என் அனுபவம்.

கேள்வி: எஸ் பாஸ் வேலை அனுமதியில் இருக்கிறேன், சம்பளம் 3,400 வெள்ளி. நண்பர்கள் எல்லாரும் கார்டு போட்டு மைலில் ஊருக்குப் போகிறார்கள். ஊருக்கு அனுப்பியது போக மாதக் கடைசியில் கொஞ்சம் இழுபறிதான். எந்தக் கார்டு நல்லது?
வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: எதுவும் வேண்டாம். சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்கு ஆண்டு வருமானம் 30,000 வெள்ளி இருந்தால் கார்டு உண்டு, வெளிநாட்டவரிடம் வங்கிகள் பொதுவாக அதற்கு மேல் கேட்கும். உங்களுக்குக் கிடைத்தும்விடலாம். ஆனால் இழுபறி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நிலுவை வைத்தால் வட்டி ஆண்டுக்கு 27 விழுக்காட்டுக்கும் மேல். ஆயிரம் வெள்ளியை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் இருபத்து மூன்று வெள்ளி அளவில் வட்டி. அதே ஆயிரத்துக்குக் கிடைத்த மைல் பதினைந்து இருபது வெள்ளிதான் பெறும். மாதாமாதம் முழுத்தொகையும் கட்ட முடிகிற காலம் வந்ததும் எழுதுங்கள், அப்போது கார்டு பெயர் சொல்கிறேன்.

கேள்வி: அக்காள் மகள் கல்யாணம் மதுரையில். அங்கே மேரியட்டின் கோர்ட்யார்டு ஹோட்டல் இருக்கிறதாம். என் அமெக்ஸ் கிரெடிட் கார்டு பாயிண்டை மேரியட்டுக்கு மாற்றி உறவுக்காரர்களை அங்கே தங்க வைக்கலாமா?
வாசகி, தெம்பனிஸ்

பதில்: ஆசை நல்ல ஆசை. ஆனால் ஹோட்டல் பாயிண்ட் என்பது விமான மைலைவிட மெலிந்த சரக்கு. இதை நான் சொல்லவில்லை, மேரியட்டே சொல்கிறது: அவர்களுடைய மூன்று பாயிண்டைக் கொடுத்தால்தான் பெரும்பாலான விமான நிறுவனங்களில் ஒரு மைல் தருகிறார்கள். 60,000 பாயிண்டாக ஒரே தடவையில் அனுப்பினால் 5,000 மைல் கூடுதலாகச் சேர்ந்து 25,000 ஆகும். அப்படியும் 2.4 பாயிண்டுக்கு ஒரு மைல்தான். ஆகவே உங்கள் கார்டு ஒரு மைலுக்குப் பதில் எத்தனை மேரியட் பாயிண்ட் தருகிறது என்று பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றரை என்றால் மாற்றாதீர்கள்.

கல்யாணத்துக்கு என்றால் இன்னும் தெளிவு. மதுரையில் அறை வாடகை சிங்கப்பூர் விலை இல்லை. பெண் வீட்டார் மொத்தமாகப் பேசி வாங்கும் வாடகை அதைவிடக் குறைவு. அங்கே பாயிண்டைக் கொட்டுவது வீண். மேரியட் பாயிண்டுக்கு நல்ல இடம், காசு கொடுத்தால் விலை தாறுமாறாக ஏறும் ஊரும் நாளும். ஐந்து இரவு தொடர்ந்து பாயிண்டில் தங்கினால் ஓர் இரவுக்குப் பாயிண்ட் கேட்பதில்லை, அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கணக்குப் பார்க்கப் பிடிக்காதவர்களுக்கு அக்கோர் ஹோட்டல் குழுமத்தின் பாயிண்ட் வசதி. 2,000 பாயிண்ட் கொடுத்தால் பில்லில் 40 யூரோ கழியும். அவ்வளவுதான், ஏற்ற இறக்கம் இல்லை. சென்னை நொவோட்டலிலும் அதே கணக்கு, பாரிஸிலும் அதே கணக்கு. மலைக்க வைக்கும் லாபம் கிடைக்காது, ஏமாந்த உணர்வும் வராது.

கேள்வி: கோயில் நன்கொடை, காப்புறுதி, மருத்துவமனைச் செலவு எல்லாவற்றையும் கார்டிலேயே கட்டுகிறேன். பாயிண்ட் ஏறவே மாட்டேன் என்கிறதே?
வாசகர், ஈசூன்

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் பெரும்பாலான கார்டுகளில் விலக்குப் பட்டியலில் இருப்பவை. அரசாங்கக் கட்டணங்களும் அப்படியே. விதிமுறைத் தாளின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். காப்புறுதி போன்ற சிலவற்றைக் கார்டப் போன்ற இடைச் சேவைகள் வழியாகக் கட்டினால் பாயிண்ட் வரும், அவர்களுக்குக் கட்டணம் தர வேண்டும். கட்டணம் 2.6 விழுக்காடு, கார்டு வெள்ளிக்கு 1.3 மைல் தருகிறது என்றால் ஒரு மைலை இரண்டு காசு கொடுத்து வாங்குகிறீர்கள். சிக்கன வகுப்பில் பறக்கும் குடும்பத்துக்கு அது நட்டம். பிசினஸ் வகுப்புக்குச் சேர்ப்பவர் வேண்டுமானால் யோசிக்கலாம். உண்டியலில் போடுவதை ரொக்கமாகவே போட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மைலில் அண்ணன் மகளுக்கு டிக்கெட் போடலாமா?
வாசகி, பிடோக்

பதில்: தாராளமாக. கிரிஸ்ஃபிளையரில் உங்களைத் தவிர ஐந்து பேரை உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம், உங்கள் மைலில் அவர்களுக்கு டிக்கெட் போடலாம். ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போடக் கட்டணம் உண்டு என்பதால், ஐந்து இடத்தையும் ஒரே நாளில் நிரப்பிவிடாதீர்கள். அண்ணன் மகள் பெயரைச் சேர்க்கும்போது, வீட்டில் கூப்பிடும் பெயரை விட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் மேலே சுவா சூ காங் தம்பிக்குச் சொன்னதைப் படித்துக்கொள்ளுங்கள்.