பரோலோ குடித்த இரவில் படபடப்பு: எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயது. இத்தாலியில் டுரின் நகரில் வேலை. இங்கே வந்த பிறகு இந்தப் பகுதிச் சிவப்பு ஒயினான பரோலோ பழக்கமானது. மகள் 2016-இல் பிறந்தாள். அந்த வருடத்து பரோலோ ஒரு பெட்டி வாங்கி நிலவறையில் வைத்திருக்கிறோம், அவளுடைய 18-ஆவது பிறந்தநாளுக்குத் திறக்க. சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் ஒரு பழைய பாட்டிலை முடிப்போம், அதன் மேல் ஒரு சின்ன கிளாஸ் கிராப்பா (திராட்சைச் சக்கையில் வடிக்கும் சாராயம்). மறுநாள் தலைவலி. ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்தான் காரணமா? அடியில் கறுப்பாகக் கசடு நிற்கிறதே, கெடுதலா? பல் கறுத்துவிடுகிறது. 1986-இல் இந்தப் பக்கத்து ஒயினில் மெத்தனால் கலந்து பலர் இறந்ததாக இணையத்தில் படித்தேன். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே? நண்பர் ‘பரோலோ கினாட்டோ குடி, அது மருந்து’ என்கிறார். தலைவலி வராமலிருக்க முன்கூட்டியே பாரசிட்டமாலும் செட்ரிசினும் போட்டுக்கொள்கிறேன். சல்ஃபைட்டை எடுக்கும் சொட்டு மருந்தும் வாங்கினேன். மற்றபடி, சில ஞாயிறு விடியற்காலையில் படபடப்பு வந்து எழுந்துவிடுகிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டெனலால் ஒன்று போட்டால் அடங்கிவிடுகிறது. கைக்கடிகாரத்தில் ‘துடிப்பு சீராக இல்லை’ என்று வந்துகொண்டே இருந்ததால் அந்த அறிவிப்பை அணைத்துவிட்டேன். அப்பா 58 வயதில் பக்கவாதத்தில் போனார். மனைவிக்கு இதெல்லாம் தெரியாது.

பதில்: முதலில் அந்த அறிவிப்பைத் திரும்பப் போடுங்கள்.

இத்தனை கேள்விகளுக்கு நடுவில் நீங்கள் உண்மையில் கேட்க நினைத்ததை ‘மற்றபடி’ என்று ஆரம்பித்து ஓரமாக வைத்திருக்கிறீர்கள். சல்ஃபைட்டைப் பற்றி உங்களுக்கு அவ்வளவு கவலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமோ என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குடித்த சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் விடியற்காலையில், இதயம் திடீரென்று தாறுமாறாக அடிக்கத் தொடங்குவதை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1978-இல் பிலிப் எட்டிங்கர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்கு ‘ஹாலிடே ஹார்ட்’ என்று பெயர் வைத்தார்கள். வார இறுதியிலும் பண்டிகை நாட்களிலும் குடித்துவிட்டு வருகிறவர்களிடம் இதை அதிகம் பார்த்ததால் வந்த பெயர். இப்படி வருவது பெரும்பாலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. ஆல்கஹால் அந்த அறைகளின் தசையில் ஓடும் மின்னோட்டத்தைக் குழப்புகிறது. சிறுநீர் அதிகம் போய் உடலில் உப்புச்சத்துகளும் குறைகின்றன. தூக்கமும் கெடுகிறது. மூன்றும் சேர்ந்தால் போதும்.

படபடப்பு தொந்தரவுதான், ஆனால் என் கவலை அது இல்லை. மேல் அறை சுருங்காதபோது ரத்தம் அதன் ஒரு மூலையில் தேங்குகிறது. தேங்கின ரத்தம் உறைகிறது. அந்தக் கட்டி நழுவினால் நேராக மூளைக்குப் போகலாம். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்பாவுக்கு எதனால் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அவருடைய பழைய ஈசிஜி, டிஸ்சார்ஜ் காகிதம் ஏதாவது வீட்டில் இருந்தால் ஊரில் இருப்பவர்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் ‘ஏஎஃப்’ (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனின் சுருக்கம்) என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் உங்கள் மருத்துவருக்கு அது பெரிய தகவல்.

இது உங்களுக்கு வந்திருக்கிறது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. வெறும் வேகத் துடிப்பாகவும் இருக்கலாம். அடுத்த முறை விழித்தால் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, மற்றக் கையால் தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். வேகமாக இருந்தாலும் தாளம் நிற்கிறதென்றால் ஒரு கதை. அடுத்த அடி எங்கே விழும் என்றே பிடிபடவில்லை என்றால் அது வேறு கதை. பிடிபடவில்லையா, அட்டெனலாலைத் தேடாமல் துடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மருத்துவமனைக்குப் போங்கள். டுரினில் எந்த நேரமும் திறந்திருக்கும் அவசரப் பிரிவுகள் இருக்கின்றன. வண்டி ஓட்டாதீர்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். துடிப்பை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவரலாமா, முதலில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுக்க வேண்டுமா என்பதை அந்த நேரம்தான் முடிவு செய்யும்.

தானாக அடங்கிவிடுகிறதே என்பீர்கள். ஹாலிடே ஹார்ட் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும், அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. திங்கட்கிழமை மருத்துவரிடம் போனால் ஈசிஜி சுத்தமாக இருக்கும். ‘ஒன்றுமில்லையாம்’ என்று வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அந்த அட்டெனலால் விஷயத்துக்கு வருகிறேன். யாருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது? இதயத்தின் வேகத்தை அது குறைக்கும். அதனால் படபடப்பு தெரியாமல் போகும். தாறுமாறு அப்படியேதான் இருக்கும், உறைகட்டி உருவாகும் ஆபத்தும் அப்படியேதான் இருக்கும். தீயை விட்டுவிட்டு அலாரத்தை நிறுத்தியிருக்கிறீர்கள், கடிகாரத்தில் ஒரு முறை, மாத்திரையால் ஒரு முறை. போதாததற்கு, குடித்த உடம்பில் ரத்த அழுத்தத்தையும் அது இறக்கும். ஞாயிறு காலை குளியலறையில் மயங்கி விழுந்து தலையை உடைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாராவது ‘ஆஸ்பிரின் போட்டுக்கொள், ரத்தம் இளகும்’ என்று சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த வகை உறைகட்டிக்கு ஆஸ்பிரின் சரியான மருந்து இல்லை. குடியோடு சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவுதான் மிச்சம். பாரசிட்டமாலும் ஆல்கஹாலும் ஒரே கல்லீரலுக்கு வேலை கொடுப்பவை. செட்ரிசின் மயக்கத்தைக் கூட்டும். மருந்தைத் தின்றுவிட்டுக் குடிக்க வேண்டிய நிலை வந்தால் அந்தக் குடியை விடுவதுதான் மருந்து.

இனி மற்றவை, சுருக்கமாக.

கசடு: பரோலோ, லாங்கே மலைச்சரிவில் விளையும் நெபியோலோ திராட்சையில் செய்வது. அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். பரோலோ என்ற பெயரில் விற்க வேண்டுமென்றால் சட்டப்படி குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். ‘ரிசர்வா’ என்றால் 62 மாதம். பாட்டிலுக்குள் போன பிறகும் வருடக்கணக்கில் டானினும் நிறமியும் ஒன்றோடொன்று சேர்ந்து கனமாகி அடியில் படிகின்றன. துவர்ப்பு தணிவதும் இதோடு சேர்ந்து நடப்பதுதான். சில சமயம் கண்ணாடித் தூள் போல மின்னுவது திராட்சையிலேயே இருக்கும் டார்டார் உப்பு. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, மெதுவாக வேறு குடுவைக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது, வாய்தான் மணல் மணலாக இருக்கும்.

பல் கறுப்பது சாயம். ஒயினில் அமிலம் அதிகம், அதனால் குடித்த கையோடு பல் துலக்காமல் தண்ணீரில் கொப்பளியுங்கள். முடிந்தது.

சல்ஃபைட்: ஐரோப்பிய விதிப்படி இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. வெள்ளை ஒயினுக்கு 200 வரை அனுமதி. பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் விற்கும் உலர்ந்த பாதாமிப் பழத்தில் (ஆப்ரிகாட்) இதைவிடப் பல மடங்கு இருக்கும், அதைத் தின்றுவிட்டு யாரும் தலைவலி என்று வருவதில்லை. சல்ஃபைட் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உண்மை. அவர்கள் பெரும்பாலும் ஆஸ்துமாக்காரர்கள், அவர்களுக்கு வருவது மூச்சிழுப்பு. உங்களுக்கு வருவது, அரை பாட்டிலும் கிராப்பாவும் குடித்தவருக்கு வரும் தலைவலி. அந்தச் சொட்டு மருந்து என்னவென்று லேபிளைப் பாருங்கள். பல கம்பெனிகள் விற்பது நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு. மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்து ஒருவர் செய்த ஒயினில், புண் கழுவும் திரவத்தை விட்டுக் குடிக்கிறீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் இனி உங்களுக்குக் கிளாஸ் நீட்ட மாட்டார்.

மெத்தனால்: 1986-இல் நடந்தது நிஜம்தான். பரோலோ விளையும் அதே கூனியோ மாகாணத்தில் நார்ட்சோலே என்ற ஊரிலிருந்து கலப்பட ஒயின் போய் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சிலருக்குப் பார்வை போனது. அது மலிவு ஒயினின் ஆல்கஹால் அளவை ஏற்றுவதற்காகச் சேர்த்த மெத்தனால். அதற்குப் பிறகு இத்தாலியில் சோதனைகளும் கெடுபிடியும் கூடிவிட்டன. அரசு முத்திரைச் சீட்டு ஒட்டி, நம்பர் போட்டு வரும் பரோலோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாற்பது வருடத்துப் பழைய செய்தியை இணையம் நேற்று நடந்தது போல் காட்டினால் அதற்கு நான் என்ன செய்ய?

இதயத்துக்கு நல்லது என்ற கதை: சிவப்பு ஒயினில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளை வைத்துக் கட்டியது. அதை இத்தாலியிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். டஸ்கனியில் கியாந்தி பகுதியில் 65 வயது கடந்த 783 பேரின் சிறுநீரில் அதன் அளவைப் பார்த்து, ஒன்பது வருடம் பின்தொடர்ந்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். அளவு அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் குறையவில்லை, புற்றுநோயும் குறையவில்லை, ஆயுளும் கூடவில்லை. பரோலோவை ருசிக்காகக் குடிக்கிறேன் என்று சொல்லுங்கள், மறுக்க மாட்டேன். இதயத்துக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கினாட்டோ விஷயம் சுவாரசியமானது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செர்ராலுங்கா ஊரைச் சேர்ந்த ஜுசெப்பே கப்பெல்லானோ என்ற மருந்துக்கடைக்காரர் பரோலோவில் சிங்கோனா பட்டையும் வாசனைச் சரக்குகளும் ஊறவைத்துச் செய்து பேர் வாங்கியது. அந்தப் பட்டையிலிருந்துதான் பழைய மலேரியா மருந்தான கொயினா வருகிறது. டச்சு வணிகர் ஒருவர் தன் தாறுமாறான துடிப்பைக் கொயினா சாப்பிட்டுத் தானே நிறுத்திக்கொள்வதை வெங்கெபாஹ் என்ற மருத்துவர் 1914-இல் எழுதிவைத்தார். அதன் தொடர்ச்சியாக 1918-இல் பெர்லினில் ஃப்ரை என்பவர் அந்தப் பட்டையின் இன்னொரு சரக்கான குவினிடின் இன்னும் நன்றாக வேலை செய்வதைக் கண்டார். பல பத்தாண்டுகள் அதுதான் இந்த நோய்க்கு மருந்து. அப்புறம் அதுவே உயிரைப் பறிக்கும் துடிப்புக் கோளாறுகளைக் கிளப்புவது தெரிந்து பெரும்பாலும் ஒதுக்கிவிட்டோம். ஆக உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு நூல் உண்மை இருக்கிறது. ஆனால் கினாட்டோ கிளாசில் இருப்பது பட்டையின் கசப்பு மட்டும், மருந்தளவு கிடையாது. ஆல்கஹாலோ சாதாரண பரோலோவைவிடக் கூடுதல்.

எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14.5 சதவீத பாட்டிலில் பாதி என்றால் சுமார் 43 கிராம் ஆல்கஹால். கிராப்பா ஒரு 12 கிராம். இத்தாலிய சுகாதாரத் துறை 12 கிராமை ஒரு அளவாகக் கொண்டு, ஆண்களுக்கு நாளுக்கு இரண்டைத் தாண்டாதீர்கள் என்கிறது. நீங்கள் ஒரே இரவில் நாலரைக்கு மேல். பரிசோதனை முடியும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று உறுதியானால், குடியை நிறுத்துவதே ஒரு சிகிச்சை. ஆஸ்திரேலியாவில் 140 பேரை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், பழையபடி குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்குக் கோளாறு திரும்பி வந்தது. நிறுத்தியவர்களில் 53 சதவீதம். மாத்திரை ஒன்று இதைச் செய்திருந்தால் விளம்பரம் பறந்திருக்கும்.

இந்த வாரமே குடும்ப மருத்துவரிடம் போங்கள். ஈசிஜி, ரத்த அழுத்தம், எக்கோ, தைராய்டு, பொட்டாசியம், மெக்னீசியம், சில நாட்கள் மார்பில் மாட்டியிருக்கும் ஹோல்ட்டர் கருவி, இவை வேண்டியிருக்கும். கடிகாரம் பதிந்துவைத்ததை அழிக்காமல் காட்டுங்கள். ‘சோஷியல் ட்ரிங்கிங்’ என்று மழுப்பாமல் பாட்டில் கணக்கைச் சொல்லுங்கள், அட்டெனலாலையும் சேர்த்து. ரத்தம் உறையாமலிருக்க மருந்து வேண்டுமா என்பதை வயது, அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள்.

2016 பெட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். அது நல்ல வருடம், படுக்கவைத்து, குளிர்ச்சியான இருட்டில் இருந்தால் 2034 வரை நிம்மதியாக இருக்கும்.

மனைவியிடம் இன்று இரவே சொல்லிவிடுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை தூக்க வராமல் போனாலோ, பேச்சு குழறினாலோ, ‘சனிக்கிழமை போதை’ என்று அவர் உங்களைத் தூங்க விட்டுவிடக்கூடாது. உறைகட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அப்போது 112-ஐ அழைக்க வேண்டியவர் அவர்தான்.