வாசகர் கேள்வி: கேம்பர் வேனுக்கு வாட்டர் கூல்டு எஞ்சின்

கேள்வி: 1981 மாடல் ஃபோக்ஸ்வாகன் டி3 கேம்பர் வேன், 2 லிட்டர் ஏர் கூல்டு பெட்ரோல் எஞ்சின். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வருவதற்குள் சூடேறிவிடுகிறது. நிறுத்தினால் ஆயில் விளக்கு மினுக்குகிறது. பழைய ஸ்கோடா ஆக்டேவியா காரின் 1.9 லிட்டர் வாட்டர் கூல்டு டீசல் எஞ்சின் ஒன்று கைக்கு வருகிறது. மாற்றலாமா? என்னென்ன வேண்டும்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: மாற்றலாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் பழைய எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத்தை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். இந்த வண்டியில் கிராங்க் முனையில் பூட்டிய ஃபேன் எஞ்சின் அறையின் காற்றை இழுத்து, சிலிண்டர்கள் வழியாகக் கீழே தள்ளுகிறது. அறையையும் அடிப்புறத்தையும் பிரிப்பது அந்தத் தகரமும் அதன் ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டையும்தான். ரப்பர் கிழிந்தால் கீழே போன வெந்த காற்றே மேலே ஏறி மறுபடி ஃபேனுக்குள் போகும். காற்றுக் கதவு பாதி மூடிய நிலையில் சிக்கியிருப்பது, சிலிண்டர் மடிப்புகளில் ஆயிலும் புழுதியும் சேர்ந்து இறுகியிருப்பது, எலிக்கூடு ஆகியவற்றையும் பாருங்கள். சரிசெய்து, புது 20டபிள்யூ50 ஆயில் ஊற்றி, ஆயில் சூடு 120 டிகிரியைத் தாண்டாமல் நின்றால் டீசல் எஞ்சின் ஆசையை விட்டுவிடுவதே என் யோசனை. சிலிண்டர்களின் மூடியான ஹெட் விரிசல் விட்டிருந்தாலோ, கம்ப்ரஷனில் ஒரு சிலிண்டர் மற்றதைவிட 3 பார் குறைந்தாலோ மேலே படியுங்கள்.

எஞ்சினை வாங்கும்போது இசியு (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி), சாவி, மீட்டர் போர்டு, முழு வயரிங் எல்லாம் அதே காரிலிருந்து வர வேண்டும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் இவற்றைச் சேர்த்துத்தான் அடையாளம் காண்கிறது. எஞ்சின் மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று தூக்கி வந்தால் ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் அணையும்.

ஆக்டேவியா எஞ்சின் உங்கள் கியர்பாக்ஸ் முகத்தில் நேராக உட்காராது. டி3 டீசலின் பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) கிடைத்தால் நல்லது; இல்லையென்றால் அலுமினிய அடாப்டர் பிளேட். பிளேட்டைக் கடைந்த பிறகு டயல் கேஜ் வைத்து மையம் பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் விலகல் இருந்தால் கிளட்ச் உதறும், பைலட் பேரிங் சீக்கிரம் தேயும். எஞ்சின் நிமிர்ந்து நின்றால் படுக்கைப் பலகைக்கு இடமிருக்காது. தொழிற்சாலையிலேயே டி3 டீசலை 50 டிகிரி சாய்த்துத்தான் வைத்தார்கள். சாய்த்தால் சம்பும் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் உறிஞ்சும் குழாயும் அந்தச் சாய்வுக்கு மாற வேண்டும். மறந்தால் திருப்பத்தில் பம்ப் காற்றை உறிஞ்சி பேரிங் போகும். பழைய எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 140 நியூட்டன் மீட்டர், இதற்கு 210. முதல் இரண்டு கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் கியர்பாக்ஸ்தான் விலை கொடுக்கும். மிச்ச டீசல் டேங்க்குக்குத் திரும்ப ரிட்டர்ன் லைனும் தனியாகப் போட வேண்டும்.

இதுவரை லேத் வேலை. பணத்தையெல்லாம் எஞ்சினில் கொட்டிவிட்டு, தண்ணீர்ப் பாதைக்கு வரும்போது கையைச் சுருக்குகிறார்கள். வண்டி வழியில் நிற்பது அங்கேதான்.

ரேடியேட்டர் முன்மூக்கில் வர வேண்டும். உங்கள் ஏர் கூல்டு வண்டிக்குக் கீழ் கிரில் கிடையாது. முன் தகரத்தை வெட்டி டிங்கரிங் செய்து கிரில் பொருத்த வேண்டும். பின்னாலிருந்து முன்னுக்குப் போக ஒன்று, வர ஒன்று, தலா சுமார் 3 மீட்டர் குழாய். 304 ஸ்டெயின்லெஸ், வெளிவிட்டம் 38 மி.மீ., கனம் 1.5 மி.மீ. போதும். இந்த இரண்டு குழாய்கள் மட்டுமே 6 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். ஜிஐ பைப் வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு கூலன்ட்டோடு சேர்ந்து சகதியாகும். வெந்நீர்க் குழாய்தானே என்று சி.பி.வி.சி. போட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. அது தாங்குவது 93 டிகிரி வரை; உங்கள் எஞ்சினின் தெர்மோஸ்டாட் திறப்பதே 87-ல்!

குழாய் முனைகளை வெட்டியபடி விடாமல் விளிம்பில் வளையம் எழுப்பச் சொல்லுங்கள். வழுவழுப்பான முனையில் ஹோஸ் கிளிப்பை எவ்வளவு முடுக்கினாலும், சூட்டில் அழுத்தம் ஏறியதும் ஹோஸ் நழுவிவிடும். நடுவில் எங்கும் ஒட்டக முதுகுபோல் குழாய் மேலெழும்பக் கூடாது, அந்த மேட்டில் காற்று தங்கும். எக்ஸ்பான்ஷன் டேங்க் எஞ்சின் ஹெட்டைவிட உயரத்தில். ஹெட்டின் உச்சியிலிருந்து அதற்கு 8 மி.மீ. காற்றுக்குழாய்.

காற்று எடுப்பது இப்படி. முன்பக்கத்தை ஜாக்கி வைத்து 40 செ.மீ. தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹீட்டர் வால்வை முழுதும் திறந்து, ரேடியேட்டர் மேல் திருகையும் திறந்து வைத்து டேங்க்கில் ஊற்றுங்கள். திருகு வழியே முதலில் 'புஸ்' என்று காற்று, பிறகு நுரை, கடைசியில் குமிழியில்லாத ஒழுக்கு வரும். அப்போது எஞ்சினை 2000 சுற்றில் ஓடவிட்டு, மறுபடி நுரை நின்ற பிறகே திருகை மூடுங்கள். ஆறிய பின் அளவு இறங்கும், நிரப்புங்கள். அவசரத்தில் விட்டுவிட்டால் ஹெட்டில் காற்று நின்று, சூடு காட்டும் முள் நடுவில் இருக்கும்போதே ஹெட் கேஸ்கட் போகும். காரணம், தண்ணீர் வற்றியதும் சென்சார் வெறும் ஆவியில் தொங்கிக் குறைவாகக் காட்டும். அதனால் டேங்க்கில் மட்டம் குறைந்தால் கத்தும் அலாரம் ஒன்றும் வையுங்கள்.

சோதனை ஓட்டத்துக்குக் கடற்கரைச் சாலை பயன்படாது, அது பலகைபோல் சமதளம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றுங்கள். அங்கே ஃபேன் ஓடி ஓடி நின்றால் வேலை சரி. நிற்காமலே ஓடினால் ரேடியேட்டர் போதவில்லை.

கேள்வி: முன்னால் வெட்ட மனமில்லை. பின்னால் அடியிலேயே ரேடியேட்டரைப் படுக்கவைத்து ஃபேன் போட்டால்?
– வாசகர், வில்லியனூர்

பதில்: குழாய்ச் செலவு மிச்சம், வேறு லாபமில்லை. சைலன்சர் சூடு, டயர் வாரியிறைக்கும் சேறு, வேகத்தடை எல்லாமே அங்கேதான். ஓடும்போது எதிர்க்காற்றும் கிடைக்காது. எந்த நேரமும் ஃபேனை நம்பி இருக்க வேண்டும்.

கேள்வி: போர் தண்ணீரே ஊற்றி வருகிறோம். கூலன்ட் அவசியமா? இங்கே பனியா பெய்கிறது?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: பனிக்காக இல்லை, அரிப்புக்காகவும் கொதிநிலைக்காகவும். கரையோரத்துப் போர் நீரின் உப்பு அலுமினிய ரேடியேட்டரை உள்ளிருந்து தின்னும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி. 17 லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு எட்டரைக்கு எட்டரை. கேனில் ஏற்கெனவே கலந்தது என்று எழுதியிருந்தால் தண்ணீர் சேர்க்காதீர்கள். கடற்காற்று வெளியிலிருந்து ஃபின்களைத் தின்னும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால், அழுத்தம் கூட்டாமல் கழுவுங்கள்.

கேள்வி: எஞ்சினை மாற்றினால் ஆர்.சி.யில் சிக்கல் வருமா? வெளிநாட்டுப் பயணிகளின் வேனும் எங்கள் பட்டறைக்கு வருகிறது.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பெட்ரோலை டீசலாக்குவது எரிபொருள் வகையையே மாற்றும் விஷயம். பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் முன்அனுமதி வாங்காமல் ஒரு போல்ட்டையும் கழற்றாதீர்கள். இன்சூரன்ஸுக்கும் அதே காகிதம் வேண்டும். பயணிகள் வண்டி கார்னெட்டில் (வரி கட்டாமல் வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுவர உதவும் சுங்க ஆவணம்) வந்திருந்தால் அதில் எஞ்சின் எண் எழுதியிருக்கும். இங்கே மாற்றிப் பூட்டினால் நாட்டை விட்டு வெளியேறும்போது சுங்கத்தில் எண் பொருந்தாது. அவர்களுக்குப் பழைய எஞ்சினையே பிரித்துச் சரிசெய்து கொடுங்கள்.

கேள்வி: பழைய ஹோண்டா எஞ்சின் சின்னதாக, கச்சிதமாக இருக்கிறதே?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பழைய டி, பி வரிசை எஞ்சின்கள் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்படியே பூட்டினால் உங்களுக்கு நாலு ரிவர்ஸ் கியரும் முன்னே போக ஒன்றும் கிடைக்கும்.