கேளுங்கள், சொல்கிறேன்: எதை உள்நாட்டுப் போர் என்பது?

சென்ற இதழில் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் (1936–39) பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொட்டே பல கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

உலகத்தில் முதல் உள்நாட்டுப் போர் எப்போது நடந்தது? ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள். (வாசகி, மதுரை)

மகளிடம் இரண்டு பதில் சொல்லுங்கள், ஏனென்றால் அவள் கேட்டதில் இரண்டு கேள்வி இருக்கிறது. ஒரே நாட்டுக்காரர்கள் தங்களுக்குள் போரிட்டது எப்போது என்பது ஒன்று, அதற்குத் தனியாக ஒரு பெயர் வேண்டும் என்று மனிதர்களுக்குத் தோன்றியது எப்போது என்பது இன்னொன்று.

முதலாவது மிகப் பழையது. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பு, அதுவரை ஒன்றாக இருந்த எகிப்து உடைந்து, வடக்கே ஹெராக்ளியோபோலிஸில் ஓர் அரச மரபும் தெற்கே தீப்ஸில் ஓர் அரச மரபுமாக மோதிக்கொண்டன. கடைசியில் தீப்ஸ் அரசர் இரண்டாம் மெந்துஹோதெப் வென்று, கி.மு. 2050-ஐ ஒட்டி நாட்டைத் திரும்ப ஒன்றாக்கினார். அதற்கு முன்பும் நடந்திருக்கும்தான், ஆனால் எழுத்தில் தடம் இருப்பதை வைத்துத்தானே பேச முடியும்.

பெயர் வந்தது ரோமில். ரோமானியர்கள் எதிரியின் பெயரால்தான் போரை அழைப்பார்கள். கார்த்தேஜ்காரர்களை அவர்கள் பூனி என்பார்கள், அதனால் அது பூனிக் போர். யுகுர்தா என்ற அரசனோடு நடந்தது யுகுர்தைன் போர். எதிரே நிற்பவனும் ரோமானியக் குடிமகனாகவே இருந்தால் என்ன பெயர் வைப்பது? குடிமகனுக்கு லத்தீனில் சிவிஸ். அதிலிருந்து 'பெல்லும் சிவிலே', அதாவது குடிமக்களோடு போர் என்று வைத்தார்கள். ஆங்கிலத்தின் சிவில் வார் அதன் நேர் வாரிசு. தமிழில் நாம் 'உள்நாடு' என்று இடத்தைச் சொல்கிறோம், அவர்கள் ஆளைச் சொன்னார்கள். எனக்கு அவர்கள் சொன்னதுதான் அதிகம் வலிக்கிறது.

கி.மு. 88-இல் மித்ரிதாத்தீஸ் என்ற அரசனுக்கு எதிரான படைத்தலைமை சுல்லா என்ற ரோமானியத் தளபதியிடம் கொடுக்கப்பட்டு, பிறகு மக்கள் மன்றத்தின் வாக்கெடுப்பில் பிடுங்கப்பட்டு, வயதான தளபதி மாரியுஸிடம் போனது. சுல்லா தன் படையைத் திருப்பிக்கொண்டு ரோமுக்கே வந்தார். உயர் அதிகாரிகளில் ஒருவரைத் தவிர எல்லோரும் அவரை விட்டு விலகிவிட்டார்கள், சிப்பாய்கள் விலகவில்லை. நகரத்துக்குள் நுழைந்தபோது ஆயுதமில்லாத சனங்கள் கூரையேறி, ஓடுகளையும் கற்களையும் தூக்கி அந்தப் படை மேல் எறிந்தார்கள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ரோமானியத் தளபதி ஒருவர் ரோமைப் படையெடுத்துப் பிடித்தது அதுதான் முதல் தடவை. மகளுக்கு ஒரே ஒரு ஆண்டு வேண்டுமென்றால் கி.மு. 88 என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. அடிமைகளைத் திரட்டி ஸ்பார்டகஸ் நடத்திய போரும் (கி.மு. 73–71) இத்தாலி மண்ணுக்குள் நடந்ததுதான். ஆனால் ரோமானியர்கள் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அடிமை குடிமகன் அல்லன். ஆக, யாரை 'நம்மவர்' என்று எண்ணுகிறோமோ அவரோடு நடப்பதற்கு மட்டும்தான் அந்தப் பெயர். நம்மவரைக் கொன்றதற்கு வெற்றி ஊர்வலம் நடத்துவதும் அவர்களிடம் முறையில்லை. ஜூலியஸ் சீசர் கி.மு. 46-இல் நான்கு ஊர்வலம் நடத்தியபோது கால் நாடு (இன்றைய பிரான்ஸ் பகுதி), எகிப்து, பொந்துஸ் (இன்றைய துருக்கியின் வடபகுதி), ஆப்பிரிக்கா என்று வெளிநாட்டு வெற்றிகளாகவே கணக்குக் காட்டினார். ஆனால் ஆப்பிரிக்காவில் அவரை எதிர்த்துத் தோற்று, வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்த ரோமானியர் கேட்டோவின் படமும் அதில் வந்தது. அதைப் பார்த்து மக்கள் விம்மினார்கள் என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார்.

கிரேக்கர்கள் ரோமானியர்களுக்கு முந்தியவர்கள் ஆயிற்றே? (வாசகர், நாகர்கோவில்)

அவர்களிடமும் சொல் இருந்தது, 'ஸ்டாஸிஸ்'. ஆனால் அது ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிற நிலையைச் சொல்வது. தெருச்சண்டையிலிருந்து படுகொலை வரை எல்லாம் அதில் அடங்கும். கி.மு. 427-இல் கோர்சைரா தீவில் (இன்றைய கோர்ஃபு) நடந்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருப்பதைப் படித்தால் தூக்கம் வராது. தகப்பன் மகனைக் கொன்றான், கோயிலுக்குள் ஒளிந்தவர்களை இழுத்து வந்து வெட்டினார்கள், மூர்க்கத்துக்கு வீரம் என்றும் நிதானத்துக்குக் கோழைத்தனம் என்றும் பெயர் மாறிப்போனது.

ஆண்டுக்கு 1000 பேர் இறந்தால்தான் உள்நாட்டுப் போர் என்று ஒரு விதி இருக்கிறதாமே? (போட்டித் தேர்வு மாணவர், திண்டுக்கல்)

சட்ட விதி இல்லை, ஆராய்ச்சியாளர்கள் எண்ணுவதற்காக வைத்துக்கொண்ட அளவுகோல். 1963-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர் தொடங்கிய போர் ஆய்வுத் திட்டத்திலிருந்து பரவியது. அவர்கள் பார்ப்பது: சண்டை ஒரு நாட்டுக்குள் நடக்க வேண்டும், ஒரு தரப்பு அரசாக இருக்க வேண்டும், இரு தரப்பும் நிஜமாகவே எதிர்த்து அடிக்க வேண்டும், சண்டைச் சாவு ஆண்டுக்கு 1000-ஐத் தொட வேண்டும். எதிர்த்து அடிப்பது என்கிற நிபந்தனை முக்கியம். ஒரு பக்கம் மட்டும் சுட்டு மறுபக்கம் செத்துக்கொண்டே இருந்தால் அது போர் இல்லை, படுகொலை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 25 சாவிலேயே 'ஆயுத மோதல்' என்று பதிவு செய்யத் தொடங்கிவிடும், 1000-ஐத் தொட்டால் 'போர்' என்று குறிக்கும்.

தேர்வில் 1000 என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். வட அயர்லாந்தில் நடந்த ஆயுத மோதலில் மிக மோசமான ஆண்டு 1972, சுமார் 480 பேர் இறந்தார்கள். 1000-க்குப் பாதிகூட இல்லை. ஆனால் அங்கே மொத்த மக்கள்தொகையே 15 லட்சம்தான். ஏழு கோடிப் பேர் வாழும் தமிழ்நாட்டில் அதே விகிதத்தில் சாவு விழுந்தால் ஒரே ஆண்டில் 20,000-ஐத் தாண்டியிருக்கும். அதை யாராவது 'தொல்லைகள்' (ஆங்கிலத்தில் ட்ரபிள்ஸ்) என்பார்களா? அங்கே 30 ஆண்டு நடந்ததற்கு இன்றைக்கும் வழங்குகிற பெயர் அதுதான்.

உள்நாட்டுப் போர் என்று சொல்ல அரசுகள் ஏன் இவ்வளவு தயங்குகின்றன? (வாசகர், பாண்டிச்சேரி)

'கலகம்' என்றால் எதிரே நிற்பவன் குற்றவாளி, பிடித்தால் சிறை அல்லது தூக்கு. 'போர்' என்றால் அவனும் ஒரு தரப்பு, பிடிபட்டால் கைதிக்குரிய மரியாதை, வெளிநாடுகள் இரு தரப்போடும் பேசும். இதற்குத்தான் தயக்கம்.

1861 ஏப்ரலில், தென் மாநிலங்கள் பிரிந்து போனபோது, அமெரிக்க அதிபர் லிங்கன் இதே சிக்கலில்தான் மாட்டினார். தெற்கத்தியர்கள் வெறும் கலகக்காரர்கள், அவர்களுக்கென்று தனி நாடு இல்லை என்பது அவர் நிலை. ஆனால் அவர்களுடைய துறைமுகங்களைக் கடற்படை முற்றுகையிட உத்தரவு போட்டார், முற்றுகை என்பது போரிடும் தரப்பின் மீது செய்வது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1863 மார்ச்சில் 5-க்கு 4 என்ற கணக்கில், நடப்பது போர்தான், முற்றுகை செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

அதற்கு அடுத்த மாதமே வடக்குப் படைக்கான நடத்தை விதிகள் வெளிவந்தன, எழுதியவர் பிரான்சிஸ் லீபர் என்ற பேராசிரியர். உள்நாட்டுப் போர் என்றால் என்ன என்று அதில் வரையறுத்தார்: ஒரு நாட்டின் இரண்டோ அதற்கு மேலோ பகுதிகள், ஒவ்வொன்றும் முழு நாட்டையும் ஆள முயன்று, ஒவ்வொன்றும் நானே முறையான அரசு என்று கூறி நடத்தும் போர். தெற்கு முழு நாட்டையும் கேட்கவில்லை, பிரிந்துபோகத்தான் கேட்டது. அதனால் இப்படிப் பிரியும் கலகத்துக்கும் அந்தப் பெயர் சில நேரம் வழங்கும் என்று கூடவே ஒரு வரி சேர்த்தார். அந்த வரையறையை எழுதியபோது அவருடைய மூத்த மகன் ஆஸ்கர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு தெற்குப் படையில் சண்டையிட்டு இறந்திருந்தான். மற்ற இரு மகன்கள் வடக்குப் படையில், ஒருவனுக்குக் கை போயிருந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வரையறையை வெறும் சட்ட வாசகமாக என்னால் படிக்க முடியவில்லை.

போரில் மனிதர்களை நடத்தும் முறை பற்றிய 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் மூன்றாம் பிரிவும் 'உள்நாட்டுப் போர்' என்று எழுதாமல், சர்வதேசத் தன்மை இல்லாத ஆயுத மோதல் என்று சுற்றி வளைத்துத்தான் சொல்கிறது. அதை ஏற்பதால் எந்தத் தரப்பின் சட்ட அந்தஸ்தும் மாறாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படியும் அரசுகள் பிடி கொடுப்பதில்லை. பிரான்ஸ் 1954–62-இல் தன் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் நடத்தியதைப் போர் என்று சட்டத்தில் எழுத 1999 ஆனது. இலங்கையில் 26 ஆண்டு நடந்ததை உலகம் உள்நாட்டுப் போர் என்கிறது, தமிழர்கள் ஈழப் போர் என்கிறோம், அந்த அரசு கடைசிக் கட்டத்துக்கு வைத்த பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'.

சோழர்கள் தங்களுக்குள் போரிட்டது இதில் சேருமா? (தமிழாசிரியர், திருவாரூர்)

சங்ககால நலங்கிள்ளி, நெடுங்கிள்ளியைத்தானே கேட்கிறீர்கள் ஐயா? லீபர் வரையறைப்படி சேரும். இருவரும் சோழர், இருவருக்கும் வேண்டியது அதே சோழ நாடு. அரச குடும்பச் சண்டை, குடிமக்கள் இதில் எங்கே வந்தார்கள் என்று சிலர் கேட்பார்கள். நலங்கிள்ளி முற்றுகையிட, ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைந்து கிடந்தபோது கோவூர்கிழார் பாடிய 44-ஆம் புறப்பாட்டை அவர்களிடம் காட்டுங்கள். பாலில்லாமல் குழந்தைகள் அலறுவதும், பெண்கள் பூவில்லாத தலையை முடிவதும், தண்ணீர் இல்லாத வீடுகளில் அழுகை எழுவதும் அதில் இருக்கின்றன. அடுத்த பாட்டில் ரோமானியர் சொன்னதையே சொல்கிறார்: எதிரே நிற்பவன் பனந்தோடு சூடிய சேரன் அல்லன், வேம்பு சூடிய பாண்டியன் அல்லன், உன் கண்ணியும் (தலைமாலையும்) சோழர்க்குரிய ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி.

சீனாவின் தைப்பிங் 'கலகம்'? (வாசகர், கோவை)

1850 முதல் 1864 வரை நடந்தது, இரண்டு கோடிக்கு மேல் சாவு என்பதே பரவலான மதிப்பீடு. கலகக்காரர்கள் 1853-இல் நான்ஜிங்கைப் பிடித்துத் தலைநகர் ஆக்கி, தனி நாட்காட்டி, தனித் தேர்வு, தனிப்படை என்று 11 ஆண்டு ஆண்டார்கள். முழுச் சீனாவும் தங்களுக்கே என்றார்கள். இந்தப் பத்தியில் இனி அதை உள்நாட்டுப் போர் என்றே எழுதுவேன்.