ஒரே ஆள்களப் பெயர், இரண்டு மின்னஞ்சல் வழங்கிகள்: கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி): ஐயா, எங்கள் சங்கத்தின் தலைமை அலுவலகத்தில் போஸ்ட்ஃபிக்ஸும் (கடிதங்களை அனுப்பிப் பெறும் மென்பொருள்) டவ்கொட்டும் (பெட்டியிலுள்ள கடிதங்களைப் பயனருக்குக் கொடுக்கும் மென்பொருள்) ஓடும் பழைய வழங்கி இருக்கிறது. முகாமையாளர்களை மட்டும் மைக்ரோசொஃப்டின் இணையவழி மின்னஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஒன்லைனுக்கு மாற்றினோம். எல்லோருக்கும் ஒரே ஆள்களப் பெயர்தான் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி). மற்ற உத்தியோகத்தர்கள் அனுப்பும் கடிதங்கள் முகாமையாளர்களுக்குக் கிடைப்பதில்லை.

பதில்: அந்த ஆள்களப் பெயரில் உள்ள அனைவரும் தன்னிடமே இருப்பதாகப் பழைய வழங்கி கருதுவதால், அது கடிதத்தை வெளியே அனுப்புவதில்லை. முகாமையாளரின் பழைய பெட்டி அழிக்கப்பட்டிருந்தால் கடிதம் திரும்பி வரும். அழிக்கப்படாமல் இருந்தால் எவரும் திறக்காத அந்தப் பெட்டிக்குள் விழுந்து கிடக்கும், அனுப்பியவருக்கு அறிவிப்பும் கிடைக்காது. இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்தானது. மாறிய ஒவ்வொருவருக்கும் போஸ்ட்ஃபிக்ஸின் வேர்ச்சுவல் ஏலியஸ் அட்டவணையில் (ஒரு முகவரிக்கு வருவதை இன்னொரு முகவரிக்குத் திருப்பும் பட்டியல்) ஒரு வரி எழுதுங்கள்: இடப்பக்கம் அவரது வழமையான முகவரி, வலப்பக்கம் மைக்ரோசொஃப்ட் வழங்கிய, onmicrosoft.com என்று முடியும் ஒன்மைக்ரோசொஃப்ட் முகவரி. ஏலியஸ் இருந்தால், பழைய பெட்டி இருந்தாலும் கடிதம் புதிய இடத்துக்கே போகும்.

கேள்வி (மாங்குளம்): எங்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். புதிய பக்கமான எக்ஸ்சேஞ்ச் ஒன்லைனிலிருந்து பழைய வழங்கியின் பக்கத்துக்குக் கடிதம் போவதில்லை.

பதில்: எக்ஸ்சேஞ்ச் ஒன்லைனில் உங்கள் ஆள்களப் பெயர் 'அதோரிட்டேட்டிவ்' வகையில் (எல்லாப் பயனரும் தன்னிடமே என்று கருதும் வகை) இருக்கும். அதை 'இன்டர்னல் ரிலே' (சில பயனர்கள் வேறு வழங்கியில் இருக்கலாம் என்று ஏற்கும் வகை) ஆக்கி, பழைய வழங்கிக்கு ஒரு கனெக்டரை (கடிதம் போகும் வழியைச் சொல்லும் அமைப்பு) அமையுங்கள். அதன் பின்னர் தன்னிடம் இல்லாத பயனருக்குரிய கடிதத்தை அது பழைய வழங்கியிடம் ஒப்படைக்கும். பழைய வழங்கியும் தெரியாத பெயர்களைப் புதியதற்கே தள்ளிவிடும்படி அமைந்திருந்தால், கடிதம் இரண்டுக்குமிடையே சுற்றிக்கொண்டேயிருந்து ஈற்றில் பிழையாகத் திரும்பும். 'அப்படியொரு பயனர் இல்லை' என்று முடிவாகச் சொல்லும் பொறுப்பு ஒரு வழங்கிக்கு மட்டுமே இருக்கட்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். பழைய பக்கத்தில் இருக்கும் எழுதுவினைஞருக்கு வேர்ட், எக்செல் தேவையென்று எக்ஸ்சேஞ்ச் சேர்ந்த உரிமத்தைக் கொடுத்தால், அவருக்குப் புதிய பக்கத்திலும் ஒரு பெட்டி தானாகவே உருவாகிவிடும். முகாமையாளர் அவருக்கு எழுதுவதெல்லாம் அதற்குள்ளேயே தங்கும். அந்த உரிமத்தில் எக்ஸ்சேஞ்சை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): எங்கள் கடிதங்கள் ஜிமெயிலில் ஸ்பாம் பகுதிக்குப் போகின்றன. எஸ்பிஎஃப் பதிவுகள் (எங்கள் பெயரில் எந்த வழங்கிகள் கடிதம் அனுப்பலாம் என்று சொல்பவை) இரண்டையும் சரியாகவே போட்டிருக்கிறோம்.

பதில்: இரண்டு போட்டதே பிழை. ஓர் ஆள்களப் பெயருக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். பழைய வழங்கியின் ஐபி முகவரியையும் மைக்ரோசொஃப்டுக்குரிய இன்க்ளூட் பகுதியையும் அந்த ஒரு வரிக்குள்ளேயே சேருங்கள். டிகிம் (கடிதத்தில் வழங்கி இடும் மின்கையொப்பம்) அப்படியல்ல, வெவ்வேறு செலெக்டர்களுடன் (கையொப்பத் திறவுகோலை அடையாளங்காட்டும் பெயர்கள்) இரண்டு வழங்கிகளுக்கும் தனித்தனியாக வைக்கலாம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): கிளையின் கணினியில் பொப்3 முறையில் (கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) கணக்கு இருக்கிறது. அதை அழித்துவிட்டுப் புதிய கணக்கைப் போடலாமா?

பதில்: உடனே அழிக்க வேண்டாம். வழங்கியில் பிரதி விடாத பொப்3 கணக்கு என்றால், பழைய கடிதங்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும். முதலில் அவற்றைப் பிரதி எடுங்கள். கடவுச்சொல் மட்டும் கொடுத்து இணையும் பழைய முறையை 2022 ஒக்டோபர் முதல் எக்ஸ்சேஞ்ச் ஒன்லைன் நிறுத்தத் தொடங்கியதால், புதிய கணக்கை எக்ஸ்சேஞ்ச் வகையாகவே சேர்ப்பது நல்லது. வழங்கியில் உள்ள கடிதங்களை, ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதங்களைப் பிரதி செய்யும் இமேப்சிங்க் என்ற கருவி மூலம் தலைமை அலுவலகத்திலிருந்தே மாற்றலாம். இடையில் மின்சாரம் நின்றாலும் மீண்டும் இயக்குங்கள். ஏற்கெனவே போனவற்றை விட்டுவிட்டு, விடுபட்டவற்றை மட்டுமே அது அனுப்பும்.