ஒரு பிணம், மூன்று சாவு

கேள்வி: டோல்கீனின் ‘த ஹொபிட்’ நாவலின் முதற்பதிப்பில், குகையில் வாழும் கொலம் தன் மாய மோதிரத்தை நாயகன் பில்போவுக்குப் பரிசாகத் தரவே இருந்தான் என்கிறார் என் நண்பர். நான் படித்ததில் அவன் பில்போவைக் கொல்லத் துரத்துகிறான். யார் சொல்வது சரி?
– மாணவர், தெஹிவளை

பதில்: இருவரும் சரி. 1937 பதிப்பு நண்பருடையது. 1951இல் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றினார். மாற்றியதோடு நிற்காமல், பழைய கதை பில்போ மோதிரத்துக்கு உரிமை தேடச் சொன்ன பொய் என்று பில்போ தலையிலேயே கட்டிவிட்டார். தம் திருத்தத்துக்குப் பாத்திரத்தைப் பொறுப்பாளியாக்கிய கெட்டிக்காரர்!

கேள்வி: ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘ஃபயர் அண்ட் பிளட்’ என்ற கற்பனை வரலாற்று நூலில் அரசவைப் பொருளாளர் கிழவர் பீஸ்பரியின் சாவை மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எது நடந்தது என்று கடைசிவரை இல்லை. காசு கொடுத்து வாங்கியவளை ஏமாற்றுவதல்லவா, ஐயா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஏமாற்றுத்தான். ஆனால் ஏமாற்றுபவர் மார்ட்டின் அல்லர், அந்த மூவர். பல தலைமுறை கழித்து வந்த ஓர் அறிஞர் பழைய ஏடுகளைப் பார்த்து எழுதிய வரலாறு என்பதுதானே நூலின் பாவனை?

அரச காவற்படை வீரன் கிறிஸ்டன் கோல் அவர் கழுத்தை அறுத்தான் என்கிறார் மதகுரு யூஸ்டஸ். சாளரத்தால் எறிந்தான், அகழியின் இரும்பு முனைகளில் குத்துண்டு செத்தார் என்கிறான் கோமாளி மஷ்ரூம். வெறும் கழுத்தறுப்பை எவர் வாய் பிளந்து கேட்பார், அவனுக்குச் சாளரம் வேண்டும். இருட்டறையில் குளிர் கண்டு இறந்தார் என்பது மூன்றாவது. அதன் ஊற்று அரசவைப் பண்டிதர் ஓர்வைலின் வாக்குமூலம். அந்த மனிதர் அன்று பீஸ்பரியோடு அதே ஆலோசனை மேசையில் இருந்தவர். எழுதியதோ சிறைக்குள் இருந்து. தாம் பார்த்திருக்க இரத்தம் சிந்தவில்லை என்றால் அவருக்குத்தானே வசதி?

நான் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் நெடுங்காலம் ஒப்புநோக்காளராக இருந்தவன். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவு மலர்கள்தாம் பெரும்பாலும் என் மேசைக்கு வரும். தேவாரம், வம்சாவளி, வாழ்க்கை வரலாறு, நன்றி நவிலல். எத்தனை கோபக்காரரையும் அந்தப் பதினாறு பக்கம் சாந்தசொரூபி ஆக்கிவிடும். ஒரு முறை ஒரே தகப்பனுக்கு இரண்டு கல்வெட்டுகள் வந்தன. அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் தந்த பிரதியில் ஐயா மூத்த மகனின் மடியில் கண்மூடினார். தம்பியின் பிரதியில் இளையவர் பருக்கிய பாலோடு உயிர் பிரிந்தது. ஒரே கிழமையில் இரண்டையும் நானே பார்த்தேன். சந்திப் பிழைகளைத் திருத்தினேன். வேறெதிலும் கை வைக்கவில்லை.

அச்சடித்து முடிந்தபின் ஓர் அம்மா வந்து இரண்டிலும் ஒவ்வொரு பிரதி கேட்டார். யார் என்று விசாரித்தேன். மகளாம். வம்சாவளியைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டிலும் அவர் பெயர் இல்லை. அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி ஒற்றுமைப்பட்டது அந்த ஒரே இடத்தில்தான். அங்கேயே நின்றபடி இரண்டு கடைசிப் பக்கங்களையும் வாசித்தார், சிரித்தார். “ஐயா போன இரவு ஆஸ்பத்திரியில் நான் மட்டும்தான் இருந்தேன்” என்றார்.

அதற்கும் சாட்சி அவர் ஒருவரே. காசு வாங்காமல் கொடுத்து அனுப்பினேன்.