அப்பாவின் கைச்செலவுக்குக் கொடுத்த நாணயங்கள்

கேள்வி: எழுபத்தாறு வயதான என் தந்தை மருந்துக் கடையில் 180 ரூபாய்க்குப் பதினெட்டுப் பத்து ரூபாய் நாணயங்களைக் கொடுத்தபோது, "இது செல்லாது" என்று பலர் முன்னிலையில் கடைக்காரர் திருப்பித் தள்ளிவிட்டார். மருந்து வாங்காமலே அப்பா வீடு திரும்பினார். கடைகளில் வாங்காததால் என்னிடம் தேங்கிவிடும் இந்த நாணயங்களைத்தான் மாதந்தோறும் அவருடைய கைச்செலவுக்குக் கொடுத்து வருகிறேன். அவரும் ஒன்றும் சொன்னதில்லை. கடைக்காரர் மீது வழக்குத் தொடர முடியுமா?

பதில்: சட்டம் உங்கள் தந்தையின் பக்கம்தான் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம், 6ஆம் பிரிவின்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உடைய நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குச் செல்லும். ஐம்பது காசு நாணயம் 10 ரூபாய் வரை செல்லும். ரூபாய்க் குறியீடு உள்ளதும் இல்லாததுமாகப் பத்து ரூபாய் நாணயம் பல வடிவங்களில் வந்ததால்தான் வதந்தி கிளம்பியது. அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. ஆயினும், வாங்க மறுப்பவருக்கென்று அந்தச் சட்டத்தில் தனித் தண்டனை எதுவும் கூறப்படவில்லை என்பதால், வழக்கை நம்பி அலையாதீர்கள்.

எனக்குக் கடைக்காரரைவிட உங்கள் மீதுதான் கோபம் வருகிறது. கடைகளில் வாங்குவதில்லை என்று தெரிந்திருந்தும், கடைக்காரரிடம் நின்று நீங்கள் பேசியிருக்க வேண்டிய நியாயத்தை, மாதந்தோறும் உங்கள் தந்தையின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். கல்லாவுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பதினெட்டு வரை எண்ணி வைத்தவர், பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அத்தனையையும் அள்ளி மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறார். அந்த அவமானம் கடையில் தொடங்கியதன்று, உங்கள் வீட்டில் தொடங்கியது. "அவரும் ஒன்றும் சொன்னதில்லை" என்கிறீர்கள். மகன் கையை எதிர்பார்த்து வாழும் தகப்பன், "இதை நோட்டாக மாற்றிக் கொடு" என்று எப்படிச் சொல்வார்? பெற்றவருக்குக் கொடுப்பது, நாம் முதலில் எடுத்து வைக்கும் பணமாக இருக்க வேண்டும். வேறெங்கும் போகாமல் மிஞ்சியதைக் கொடுத்துவிட்டு அதைக் கைச்செலவு என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது.

வீட்டில் இருக்கும் நாணயங்களை நூறு நூறாகப் பையில் கட்டி, உங்கள் வங்கிக் கிளைக்கு நீங்களே எடுத்துச் செல்லுங்கள். கிளைகள் நாணயங்களை வாங்க மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். அதில் பதினெட்டை மட்டும் தனியே வைத்துக்கொண்டு, அதே மருந்துக் கடைக்குச் சென்று, ரிசர்வ் வங்கியின் அறிவிப்பைக் காட்டி நிதானமாகப் பேசுங்கள். இனி அப்பாவின் கையில், அவர் எங்கே நீட்டினாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும் நோட்டுகளைக் கொடுங்கள்.

அந்த மருந்து பிறகாவது வாங்கப்பட்டதா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அதை இன்றே அவரிடம் கேளுங்கள்.