ஐப்பசியில் இறுகும் இழுப்பறை

அன்புள்ள ஐயா,

குன்னூரில் எங்கள் வீட்டில் மாமியார் காலத்துத் தேக்கு டிரெஸ்ஸிங் டேபிள் ஒன்று இருக்கிறது. மேலே இரண்டு சிறிய இழுப்பறைகள், கீழே மூன்று பெரியவை. ஐப்பசி பிறந்ததும் அடியில் உள்ள, எல்லாவற்றிலும் உயரமான இழுப்பறை இறுகிக்கொள்கிறது. மேலே உள்ள சிறியவை எப்போதும் போல வருகின்றன. சென்ற வாரம் இழுத்த இழுப்பில் ஒரு கைப்பிடி கையோடு வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது, பிறகு முன்னிலும் மோசமாகிவிட்டது. ஆசாரி ஓரத்தை இழைத்துவிடலாம் என்கிறார். இழைக்கலாமா? வீட்டிலேயே நாங்கள் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

ஆர். எம்., குன்னூர்

அன்புள்ள ஆர். எம்.,

இழைக்க வேண்டாம். மாசி வரை ஆசாரியைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

அடி இழுப்பறை மட்டும் இறுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. மரம் ஈரத்தை வாங்கும்போது நீளவாக்கில் வளர்வது இல்லை என்றே சொல்லலாம். நார் ஓடும் திசைக்குக் குறுக்கேதான் அது உப்பும். இழுப்பறையின் பக்கப் பலகையில் நார் முன்னிருந்து பின்னாக ஓடுவதால், உப்பல் அத்தனையும் பலகையின் உயரத்தில் வந்து சேர்கிறது. உயரம் குறைந்த மேல் இழுப்பறைகள் தப்பித்துக்கொள்ள, உயரமான அடி இழுப்பறை மேல் சட்டத்தில் போய் முட்டுகிறது. தேக்கு இவ்விஷயத்தில் அடக்கமான மரம்தான். ஆனாலும் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கு ஏறி, அங்கேயே பல வாரங்கள் நின்றுவிட்டால், 20 செ.மீ. உயரமுள்ள தேக்குப் பலகை, அறுத்த வாட்டத்தைப் பொறுத்து, 1 மி.மீ. முதல் 3 மி.மீ. வரை உயரக்கூடும். பழைய தச்சர்கள் விட்ட இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான்.

குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழை நமக்குத்தான் கனக்கும். கூடலூர்க்காரர்களுக்கு இதே தொல்லை ஆனி, ஆடியிலேயே வந்துவிடும். தை, மாசியில் இரவு பனியும் பகல் வெயிலுமாகக் காற்று காய்ந்ததும், மரம் வாங்கிய ஈரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய அளவுக்கு வந்துவிடும். இழைப்புளி சீவியதை யார் திருப்பித் தருவார்கள்? கோத்தகிரிக்குக் குடிவந்த முதல் ஆண்டு, கார்த்திகை மழையில் நானே பொறுமையிழந்து என் மேசையின் இழுப்பறையை இழைத்தேன். மாசியில் அது தொளதொளவென்று ஆடியது. கடைசியில் சீவிய இடத்தில் மெல்லிய ரீப்பர் ஒட்ட வேண்டியதாயிற்று.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். இழுப்பறை வராதபோது பிடியைப் பற்றி மல்லுக்கட்டாதீர்கள். முகப்புப் பலகையே கழன்றுவிடும். அதற்கு மேலுள்ள இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்துவிட்டு, நடுவே தடுப்புப் பலகை இல்லையென்றால், உள்ளே கைவிட்டுப் பின்பலகையை மெல்ல முன்னே தள்ளுங்கள். தடுப்பு இருந்தால் மேசையின் முதுகில் உள்ள ப்ளைவுட்டைக் கழற்றிப் பின்னாலிருந்து தள்ளலாம். அளவுக்கு மீறி அடைத்த கம்பளி ஆடையொன்று மேல் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பதும் உண்டு; நம் ஊரில் பாதி வழக்கு அதுதான்.

வெளியே வந்த இழுப்பறையைக் காலி செய்து, கூடத்தில் காற்றோட்டமான இடத்தில் சில நாட்கள் நிற்க வையுங்கள். கணப்பருகிலோ கும்முட்டி அடுப்பருகிலோ வைக்க வேண்டாம். அவசரமாகக் காயும் தேக்கு கோணும், வெடிக்கும். காய்ந்ததும் பக்கப் பலகைகளின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் சாக்பீஸைத் தேய்த்து, உள்ளே தள்ளி, மறுபடி வெளியே இழுத்துப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் உரசும் இடம். அங்கே மட்டும் 120 எண் உப்புத்தாளையும் பிறகு 220 எண்ணையும் ஒரு மரத்துண்டில் சுற்றி, நாரின் போக்கிலேயே நாலைந்து முறை தேய்த்தால் போதும். நோக்கம் சொரசொரப்பை எடுப்பதே, மரத்தைக் குறைப்பதன்று.

உங்கள் வீட்டில் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் குன்னூர் குளிரில் பாட்டிலிலேயே உறைந்து நிற்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். மரத்தில் தடவியதும் அப்படித்தான் உறைந்து, தூசியைச் சேர்த்துப் பசையாகியிருக்கும். டர்ப்பன்டைன் நனைத்த துணியால் அதைத் துடைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து நன்றாக ஆறவிட்ட பிறகே உப்புத்தாளை எடுங்கள்.

கடைசியாக மெழுகு. வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றை இழுப்பறையின் கீழ் விளிம்புகளிலும், அது ஓடும் சட்டத்திலும், சாக்பீஸ் அழிந்த இடங்களிலும் அழுத்தித் தேய்த்து, துணியால் வழித்துவிடுங்கள். கோத்தகிரியில் தேன் விற்கும் கடைகளில் தேன்மெழுகு கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் சற்று ஒட்டும் தன்மை உள்ளதால் என் கை மெழுகுவர்த்திக்கே போகிறது. சோப்பைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அது ஈரத்தை இழுக்கும். சமவெளியில் சரி, ஐப்பசிக் குன்னூருக்கு ஒத்துவராது. ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில், மெழுகைப் புதுப்பித்துவிடுங்கள். டிரெஸ்ஸிங் டேபிள் வெளிச்சுவரை ஒட்டி நின்றால் நான்கு விரற்கடை முன்னே நகர்த்தி வையுங்கள். மழைக்காலத்தில் கல்சுவரின் ஈரம் முதலில் மரத்தின் முதுகில்தான் ஏறும்.

இரண்டு பிடிகள் உள்ள அகலமான இழுப்பறையை ஒரு கையால் இழுப்பதையும் வீட்டில் எல்லோரும் விட்டுவிட வேண்டும். ஒரு பக்கம் முன்னே வந்து மறு பக்கம் பின்தங்கினால், சரியாக இருக்கும் இழுப்பறையும் குறுக்கே சிக்கிக்கொள்ளும். அதற்குக் கழன்ற பிடியை முதலில் பொருத்துங்கள். திருகாணித் துளை பெரிதாகியிருந்தால், மருந்து நீக்கிய தீக்குச்சி இரண்டை ஃபெவிகாலில் தோய்த்து உள்ளே செருகி, ஒருநாள் விட்டு, நீட்டியிருப்பதை நறுக்கிவிட்டுத் திருகாணியை முடுக்கலாம்.

மாசியில் ஒருமுறை சாக்பீஸ் சோதனையை மறுபடி செய்யுங்கள். காய்ந்த மரத்திலும் அது அழிந்தால், அந்த இடத்தை மட்டும் ஆசாரி தாராளமாக இழைக்கட்டும்.